யாரிடம் கற்றேன்: ஒரு கணக்கு நோட்டு எழுதும் முறை

முதலில் ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தையல் கடைகளில் அளவு குறித்துவைக்கிறோமே, அந்த மாதிரி நோட்டு போதும். வழவழப்பான அட்டை போட்ட டைரி வேண்டாம். அதில் எழுத உட்கார்ந்தால் நடையை அழகுபடுத்தத்தான் மனம் போகும், உண்மை பின்னால் தங்கிவிடும்.

நான் கும்பகோணத்தில் ப்ளவுஸ் தைப்பவன். சிறுவயதில் காஜா (பொத்தான் துளைத் தையல்) எடுக்க உட்கார்ந்து, பிறகு மெஷினுக்கு வந்து, கடைசியில் கட்டிங் மாஸ்டர் ஆனவன். 'யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே பார்த்துக் கற்றுக்கொண்டேன்' என்று எங்கள் தொழிலில் பலரும் மார்தட்டுவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை போய் வெகு காலம் ஆகிறது. 'பார்த்து' என்கிறார்களே, யாரைப் பார்த்து? கையிலிருக்கும் வித்தையைப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆட்களைக் கண்டுபிடித்து எழுதிவைக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தையற்காரர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. சமைப்பவர், கணக்கு எழுதுபவர், நாற்று நடுபவர், பாடம் நடத்துபவர் யாரும் எழுதலாம்.

நோட்டை எப்படிப் பிரிப்பது என்பதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே ஓர் அளவு சொல்லியிருக்கிறார் பவணந்தி முனிவர். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கால் பங்கு புலமைதான் வரும். உடன் கற்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு, தான் பிறருக்குச் சொல்லித்தரும்போது வருவது. நன்னூலின் பாயிரத்தில் இருக்கிறது இந்தக் கணக்கு. பரீட்சைக்காக அதைப் படித்தவர்கள் பரீட்சையோடு விட்டுவிட்டார்கள். நான் வேலைக்கான விதியாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். நோட்டையும் அந்த அளவில் பிரித்து மூன்று இடங்களில் நூல் வைத்துவிடுங்கள். பின்னட்டைப் பக்கத்திலிருந்து சில தாள்களைத் தனியாக விட்டுவையுங்கள். அதற்கு வேறு வேலை உண்டு.

முதல் கால்: கற்றுத்தந்தவர்கள்

'என் ஆசிரியர்கள் யார்?' என்று கேட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் மேடையில் நன்றி சொல்லும் பட்டியல்தான் வரும்: அம்மா, அப்பா, மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலையிலிருந்து தொடங்குங்கள். தினமும் செய்கிற ஒரே ஒரு வேலையை எடுத்து, கை செய்வதையெல்லாம் ஒரு வரிக்கு ஒன்றாக இடப்பக்கம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே வலப்பக்கம், அதை முதலில் எந்தக் கையில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது லைனிங் வைத்த பட்டு ப்ளவுஸ். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பேன். இல்லாவிட்டால் முதல் சலவையில் பருத்தி சுருங்கி, மேலே பட்டு உப்பிக்கொண்டு நிற்கும். இது பக்கத்துக் கடை பாயிடம் பார்த்தது. அவர் எனக்கென்று சொல்லவில்லை. தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார், என் காதில் விழுந்தது. பட்டில் குண்டூசியைக் கண்ட இடத்தில் குத்தினால் ஓட்டை தங்கிவிடும், தையலுக்குள் மறையும் ஓரத்தில்தான் குத்த வேண்டும். இது ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே ஆயுளைக் கழித்த ஓர் அக்கா சொன்னது. பாவு, அதாவது நீள இழை, போகும் வாக்கில் துணி இழுபடாது, ஊடை, அதாவது குறுக்கு இழை, வாக்கில் சற்றுக் கொடுக்கும், அதைப் பார்த்துத்தான் துண்டைத் திருப்பி வைக்க வேண்டும். இதை எந்தத் தையற்காரரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் மகளின் ப்ளவுஸை வாங்க வந்தபோது, துணியை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டிவிட்டுப் போனார். பின்னாளில் உடம்பு பெருத்தால் பிரித்துவிட உள்ளே ஒரு விரல் துணி விட்டுத் தைப்பது என் அம்மாவின் சிக்கனம். அவர் மெஷின் மிதித்ததே இல்லை.

இந்த வலப்பக்கத்தைப் பாருங்கள். 'உன் குரு யார்?' என்று யாராவது கேட்டிருந்தால் இவர்களில் ஒருவர் பெயரையும் சொல்லியிருக்க மாட்டேன். என் மாஸ்டரைத்தான் சொல்லியிருப்பேன். மாஸ்டருக்கும் நோட்டில் இடம் உண்டு, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. உங்கள் நோட்டிலும் இப்படித்தான் ஆகும்.

பிடிக்காதவர்களையும் எழுதுங்கள். உங்களை அவமானப்படுத்திய மேலாளரிடமிருந்து கடிதம் எழுதக் கற்றிருந்தால் கடிதத்துக்கு எதிரே அவர்தான் வர வேண்டும். அவமானத்தைப் பற்றி எழுத விரும்பினால் வேறு பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

'இது மட்டும் யாரிடமும் கற்கவில்லை' என்று தோன்றும் வரியைச் சுற்றி வட்டம் போட்டுவையுங்கள். அழித்துவிட வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். தானாகவே எல்லாம் கற்றவர் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் கணிதமேதை ராமானுஜனைத்தான் சொல்வார்கள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வளர்ந்த வீட்டைப் போய்ப் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்களிடம்தான் சிறுவன் ராமானுஜன் கேள்வி கேட்டுக் கேட்டு அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டான். திரிகோணமிதிப் புத்தகம் அவர்கள் வழியாக வந்தது. 1903இல் அவர் வாழ்க்கையைத் திருப்பிய கார் என்பவரின் கணிதத் தொகுப்பு, நண்பர்கள் மூலம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து வந்தது. அவர் மேதை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த மாணவர்கள் வேறு தெருவில் அறை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

இரண்டாம் கால்: கூட இருந்தவர்கள்

இந்தப் பகுதியில் இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர் நெருக்கமானவர், மற்றவர் அவ்வப்போது பார்ப்பவர். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நெருக்கமானவர்களோடு நம் அறிவு பங்கு போட்டுக்கொள்ளும். யாருடைய அளவு எந்த நோட்டில் இருக்கிறது, யார் முன்பணம் கொடுத்தார், யார் வீட்டில் வளைகாப்பு என்பதெல்லாம் என் மனைவிக்குத்தான் தெரியும். தைத்த ப்ளவுஸைத் தூக்கிப் பார்த்தால் அது எந்த ஆண்டு வெட்டியது, கழுத்து ஏன் அப்படி இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். அவள் ஊருக்குப் போனால் எனக்குப் பாதி மறதி வந்துவிடுகிறது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். சேர்ந்து வாழ்பவர்கள் எல்லாவற்றையும் இருவருமே நினைவில் வைப்பதில்லை, எது யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் இருவரும் நினைவில் வைக்கிறார்கள் என்பது அதன் சாரம். எங்கள் கடைக்கு வரும் கல்லூரி ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவருக்கு எதிரேயும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, 'எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதுவது. வீட்டு வரி ரசீது எங்கே இருக்கிறது, குலதெய்வம் கோவிலுக்கு எந்த ஊரில் பஸ் மாற வேண்டும், பெரியப்பா வீட்டோடு ஏன் பேச்சுவார்த்தை நின்றது, ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு. இந்தப் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதிப் பாருங்கள். ஒரே ஆளின் பெயர் பத்து வரிகளில் வந்தால் அன்று மாலையே அவரிடம் போய் உட்காருங்கள். குடும்பத்துக்குள் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். அவரிடம் யாரும் எதையும் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள்.

அவ்வப்போது பார்ப்பவர்களை நாம் விட்டுவிடுகிறோம். விடக் கூடாது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் நகருக்கு அருகே, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டு 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம்தான் வேலை வந்திருக்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுச் செய்தி வெளியிலிருந்துதானே வர வேண்டும்?

மறுபடியும் ராமானுஜனையே பாருங்கள். 1910இல் திருக்கோவிலூருக்குப் போய் ராமசாமி ஐயரைப் பார்த்தார். துணை கலெக்டர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். முன்பின் பழக்கமில்லை. அங்கிருந்து கைமாறிக் கைமாறி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை போயிற்று. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர், மேலதிகாரியாக இருந்தும் அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். இந்தச் சங்கிலியில் உறவினர் யாராவது இருக்கிறார்களா? உங்கள் நோட்டிலும் இப்படி ஒரு சங்கிலி எழுதுங்கள். இப்போதைய வேலைக்கோ இப்போதைய ஊருக்கோ எப்படி வந்தீர்கள் என்று பின்னோக்கி, ஆள் ஆளாக. நடுவில் பெயர் மறந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். 'பச்சைச் சட்டைக்காரர்' என்றாவது எழுதிவையுங்கள்.

அரைப் பங்கு: நீங்கள் சொல்லித்தந்தவர்கள்

நோட்டில் பாதியை இதற்கு ஒதுக்கச் சொன்னேன். 'நான் யாருக்கும் ஒன்றும் சொல்லித்தந்ததில்லை' என்று பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மகனுக்குச் சைக்கிள், மாமியாருக்குக் கைபேசி, புதிதாகச் சேர்ந்தவருக்கு அலுவலகக் கோப்பு என்று தேடினால் வரும். அவர்கள் பெயருக்கு எதிரே நீங்கள் என்ன சொல்லித்தந்தீர்கள் என்பதை எழுத வேண்டாம். அவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை எழுதுங்கள்.

என்னிடம் தையல் கற்க வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு இடதுகைப் பழக்கம். கடையில் இருந்த கத்தரி வலதுகைக்குச் செய்தது. இடதுகையில் பிடித்தால் அலகுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகும், துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துகொள்ளும். அவளுக்கான கத்தரி ஒன்று வரவழைத்தோம். அதற்குப் பிறகுதான் சங்கடம் தொடங்கியது. நான் காட்டுவதெல்லாம் அவளுக்குத் தலைகீழ். 'மாஸ்டர், நீங்கள் கழுத்து வளைவில் துணியைத் திருப்புகிறீர்களா, கத்தரியைத் திருப்புகிறீர்களா?' என்று கேட்டாள். இத்தனை காலம் வெட்டிய எனக்கு விடை தெரியவில்லை. வெட்டிப் பார்த்துத்தான் சொன்னேன்: இரண்டுமில்லை, நான் மேசையைச் சுற்றி நகர்கிறேன். என் மாஸ்டரும் அப்படித்தான் நகர்வார். அவர் கடை மேசை சுவரோடு ஒட்டாமல் நடுவில் கிடந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. இந்த மாதிரி வரிகள்தான் அரைப் பங்கை நிரப்பும்.

கேள்வி கேட்பவர் ஒரு வாழ்க்கையையே திருப்பிவிட்ட கதையும் எங்கள் ஊர்க் கதைதான். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். அந்த இடத்தைத் தனக்குப் பின் அவருக்கு வாங்கிக்கொடுத்தவர் தியாகராச செட்டியார், சாமிநாதையரின் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முன்பே பாடம் கேட்டவர். அதே ஆண்டு சேலம் இராமசாமி முதலியார் இங்கே முன்சீபாக வந்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சிந்தாமணி அச்சானது, பின்னால் மற்றப் பழைய நூல்களும் வந்தன. நடுவில் சிந்தாமணியின் பொருள் பல இடங்களில் பிடிபடவில்லை. அது சமணக் காப்பியம், இவர் கற்றது சைவச் சூழலில். கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டுத்தான் தெளிந்தார். முதலியார் அவருக்கு ஆசிரியருமில்லை, மாணவருமில்லை. கீழ் நீதிமன்ற நீதிபதி. உங்களிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டவர் இருந்தால் நோட்டில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்.

பின்னட்டைத் தாள்கள்

இப்போது நோட்டைத் திருப்புங்கள். பின்பக்கம் விட்டுவைத்த தாள்களில் முதலாவதில், உங்களை மற்றவர்கள் கூப்பிடும் பெயர்களையெல்லாம் எழுதுங்கள். என் தாளில் டெய்லர், மாஸ்டர், மாமா, சின்னவன், ப்ளவுஸ்காரர், குடும்ப அட்டையில் உள்ள பெயர் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயரில் இருக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் என்று எழுதுங்கள். 'மாஸ்டர்' ஆக இருக்கும்போது எனக்குச் சந்தேகமே வராது. 'சின்னவன்' ஆகச் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு வாதத்திலும் ஜெயிக்க மாட்டேன், ஜெயிக்க விரும்பவும் மாட்டேன். இதில் எது அசல் நான் என்று கேட்டுக்கொண்டிருப்பது வெட்டி வேலை. சாமிநாதையருக்கே பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். பிள்ளையவர்கள் வேறு பெயர் உண்டா என்று கேட்டு, வீட்டில் கூப்பிடும் பெயர் சாமிநாதன் என்று அறிந்து, அதையே வழங்கச் செய்தார். தமிழ்நாடு முழுவதும் நிலைத்தது ஆசிரியர் தேர்ந்த பெயர்தான். உங்களை ஒரு பெயரில் கூப்பிட இனி ஆளே இல்லை என்றாலும் அந்த வரியை எழுதுங்கள். தேதி போட வேண்டாம்.

அடுத்த தாள், சொல்லித்தராதவர்கள். இதை எழுதச் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். சாதி பார்த்து வாசலோடு நிறுத்தியவர்கள், பெண்பிள்ளைக்கு எதற்கு என்றவர்கள், தொழில் ரகசியம் என்று முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டியவர்கள். நமக்குத் தெரியாதவற்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் காலத்தில் கட்டிங்கைக் காஜா பையனுக்குக் காட்டமாட்டார்கள். என் மாஸ்டரும் காட்டவில்லை. நான் இரவில் கடையைக் கூட்டும்போது வெட்டித் தள்ளிய துண்டுகளைப் பொறுக்கி, தரையில் பழையபடி சேர்த்துவைத்து, நடுவில் விழும் வெற்றிடத்தைப் பார்த்துத்தான் கைக்குழி வளைவைக் கற்றேன். ஒரு காலத்துக்குப் பிறகு கவனித்தேன்: ஒரே ப்ளவுஸின் துண்டுகள் ஒரே மூலையில் குவிந்து கிடக்கத் தொடங்கின. அவர் வேண்டுமென்று அப்படித் தள்ளினாரா, தற்செயலா, அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் அவர் பெயர் என் நோட்டில் முன்பக்கமும் இருக்கிறது, பின்பக்கமும் இருக்கிறது.

நேரில் போய்க் கேட்பது

நோட்டு ஓரளவு நிரம்பியதும் உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். 'உங்களிடமிருந்து நிறையக் கற்றேன்' என்று சொன்னால் அவர்கள் கூச்சப்பட்டுக் காபி போடப் போய்விடுவார்கள். குறிப்பாகச் சொல்லுங்கள்: 'லைனிங் நனைப்பது உங்களிடம் பார்த்தது.' உடனே அவருக்கு அதை யாரிடம் பார்த்தோம் என்பது நினைவுக்கு வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு தலைமுறை பின்னால் போகலாம், அதற்கு மேல் போவது அரிது.

பேசச் சொல்லாதீர்கள், செய்யச் சொல்லுங்கள். சமையல் என்றால் பாத்திரத்தோடு, தையல் என்றால் துணியோடு போங்கள். கை நகரும்போது வரும் பேச்சே வேறு. பேச்சைப் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அதுவும் முதல் சந்திப்பில் வேண்டாம். இரண்டு பேர் ஒரே விஷயத்தைத் தாம்தான் சொல்லித்தந்ததாக உரிமை கொண்டாடினால் இரண்டு பெயரையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்? சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் கல்யாண வீட்டில் இந்த நோட்டைத் திறக்கவே திறக்காதீர்கள், முக்கியமாகப் பின்பக்கத்தை.

தையற்காரர் யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் தீபாவளிக்கு முந்தைய மாதம் போக வேண்டாம். அப்போது எங்களுக்குப் பெற்ற தாய் பெயர்கூட நினைவில் இருக்காது. ஐப்பசி முடியட்டும், வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.